தவளைக்கு எது முன்பக்கம்

நல்லகாமனைப் பற்றி ஊரில் ஆயிரம் சொல்வார்கள். வாய் நீளம் என்பார்கள், சொன்ன நேரத்துக்கு வரமாட்டான் என்பார்கள். இரண்டும் உண்மைதான், மறைப்பானேன். ஆனாலும் நாகமலை புதுக்கோட்டையைச் சுற்றி எந்தக் கிணற்றில் பம்புசெட்டு நின்றாலும் ஆள் விட்டுத் தேடுவது அவனைத்தான். பயிர் வாடி நிற்கும்போது மெக்கானிக்கின் வாயையா அளந்து பார்ப்பார்கள்.

கிணறுகளெல்லாம் ரோட்டோரமாகவா இருக்கின்றன. வரப்பு, வாய்க்கால், கரம்பை, கருவேலங்காடு என்று தாண்டித்தான் போக வேண்டும். சாமான் பெட்டியைச் சைக்கிளில் கட்டி உருட்டி உருட்டித் தோள்பட்டை கழன்றுபோன ஒரு நாளில் அவனுக்கு அந்த யோசனை வந்தது. தண்ணீர்க் குழாயை வளைத்துப் பற்றவைத்து, தரையோடு தரையாக ஒரு சட்டம் செய்தான். முன்னால் இரண்டு ஸ்கூட்டர் சக்கரம். பின்னால் ஒரே அச்சில் பட்டை டயர் போட்ட இரண்டு சக்கரம். உட்காரும் பலகைக்குப் பின்னால் ஒரு பழைய ஜாவா மோட்டார் சைக்கிளின் இன்ஜின். செயின் மூடிக்கு நெய் டின் தகடு.

இன்ஜினைக் கொண்டுவந்து கொடுத்தவன் ஹரிராம். சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் எல்லோரும் நூலுக்குச் சாயம் முக்கிக்கொண்டிருக்க, இவன் மட்டும் சாயத்தொட்டி வாடை தனக்கு ஆகாது என்று மதுரைச் சிம்மக்கல்லில் பழைய மோட்டார் சைக்கிள் சாமான் கடை போட்டுவிட்டான். கடையில் விலைபோகாத எந்தச் சாமானுக்கும் நல்லகாமனின் வண்டியில் ஒரு இடம் இருக்கும் என்பது அவன் நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பையில் எதையாவது போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறி வந்துவிடுவான். இருவரும் பொழுது சாயும்வரை வண்டிக்கு அடியில் கிடப்பார்கள். நல்லகாமன் பெண்டாட்டி செல்லத்தாய் சோற்றுத்தட்டைத் தரையில் தள்ளிவிட்டுப் போவாள்.

உழவு காட்டில் தாவித் தாவிப் போனதால் ஊர் அதற்குத் தவளை என்று பேர் வைத்தது. தவளைக்கு நோவு இல்லாத வாரம் கிடையாது. ஒரு வாரம் செயின் கழன்றது. ஒரு வாரம் முன் அச்சு வளைந்தது. ஆட்டம் தாங்காமல் பெட்ரோல் டேங்க் கீறல் விட்டபோது சோப்பை அடைத்து ஓட்டினான். வளைந்ததை நிமிர்த்தி, உடைந்ததற்குப் பட்டை கொடுத்து, ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கொஞ்சம் கெட்டியாக்கினான். அதில்தான் அவனுக்கு நிம்மதி. வண்டி நன்றாக ஓடுகிற வாரம் அவன் முகமே சரியாக இருக்காது.

இப்படிப்பட்டவனுக்கு ஒரு மனக்குறை இருந்தது. தங்கை புருசன் மொக்கையன் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை.

பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே பார்ப்பதில்லை. இரண்டு வருசத்துக்கு முன்னால் மொக்கையன் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினான். தங்கை அழகம்மாளுக்குப் பிறந்த வீட்டுச் சீரை அண்ணன்காரன்தானே கொண்டுபோக வேண்டும். போகிற வழியில் ஒரு சம்சாரி கும்பிட்டு மறித்தார், மோட்டார் ஓடவில்லை, கதிர் வாங்குகிற பயிர் காய்கிறது என்று. அஞ்சு நிமிச வேலை என்று இறங்கினான் நல்லகாமன். எந்த மெக்கானிக்கின் அஞ்சு நிமிசம் அஞ்சு நிமிசத்தில் முடிந்திருக்கிறது. அவன் போய்ச் சேர்ந்தபோது பால் பொங்கி, ஆறி, ஆடையும் பிடித்துவிட்டது.

“கரி மூஞ்சியோட வந்து நிக்கிறீங்களே மச்சான், இது வீடா ஒர்க்‌ஷாப்பா?” என்று கூட்டத்தில் வைத்துக் கேட்டுவிட்டான் மொக்கையன்.

அத்தோடு சிரித்து மழுப்பியிருந்தால் போயிருக்கும். நல்லகாமன் வாய் சும்மா இருக்குமா. “இந்தக் கரி மூஞ்சிதான் மாப்ள நாலு வீட்டுக்குச் சோறு போடுது. உன் மூஞ்சி கண்ணாடிக்குத்தான் லாயக்கு” என்றான்.

மொக்கையன் விறுவிறுவென்று கருப்பசாமி கோயிலுக்குப் போனான். சூடத்தை ஏற்றி, உள்ளங்கையால் அணைத்து, “இனிமே அந்த ஆளு மூஞ்சியப் பார்த்தா நான் மனுசன் இல்ல” என்று சத்தியம் செய்துவிட்டு வந்தான்.

அன்றிலிருந்து கல்யாணப் பந்தலில் நல்லகாமன் கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் மொக்கையன் மேற்கே பார்த்து உட்காருவான். பந்தியில் இருவரும் முதுகோடு முதுகு ஒட்டிச் சாப்பிட்டதும் உண்டு. பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்டால் மொக்கையன் திரும்பி நின்று சுவரில் ஒட்டிய போஸ்டரைப் படிப்பான். அவனுக்குப் படிக்கத் தெரியாது என்பது வேறு விசயம்.

மனுசன் கெட்டவன் இல்லை. பெண்டாட்டியைப் பிறந்த வீட்டுக்குப் போகாதே என்று தடுக்கவில்லை. பொங்கலுக்குப் போன வெல்லத்தையும் அரிசியையும் திருப்பி அனுப்பவில்லை. சத்தியம் சத்தியம், அவ்வளவுதான். நல்லகாமனுக்குத்தான் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. இளந்தாரியாக இருந்த காலத்திலேயே இருவரும் சோடியாகச் சல்லிக்கட்டுக்குப் போனவர்கள். தங்கையை மொக்கையனுக்குக் கொடுக்கலாம் என்று வீட்டில் முதலில் வாயெடுத்ததே இவன்தான். என் மூஞ்சியைப் பார்த்துத் திட்டவாவது செய்ய மாட்டானா என்று செல்லத்தாயிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவான்.

எண்பத்து மூன்றாம் வருசம் ஐப்பசியில் அழகம்மாளின் மகள் ஒச்சாயிக்குக் காதுகுத்து வைத்தார்கள். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். யார் யாரோடு சண்டை போட்டாலும் இது மாறாது. மொக்கையனும் முறையை விடவில்லை. ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினான்.

“வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துரும். அதுக்குள்ள ஆசாரி ஊசிய எடுத்துருவாரு. பால் காய்ச்சுனப்ப வந்த மாதிரி வந்தா, அழகம்மாளோட சித்தப்பன் மகன் மலையாண்டி இருக்கான். அவன் மடி போதும்னு சொல்லு.”

மலையாண்டி நல்ல பையன்தான், அவன் மேல் யாருக்கும் வருத்தம் இல்லை. ஆனால் கூடப்பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பிள்ளையை வேறொரு மடியில் வைத்துவிட்டால், அந்த வாசலோடு இவனுக்கு உறவு அறுந்தது என்று அர்த்தம். அழகம்மாள் பஸ் ஏறி வந்து செல்லத்தாயின் தோளில் சாய்ந்து அழுதாள்.

“அண்ணன் மட்டும் பிந்துச்சுன்னா, அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்கிட்டு வருவேன் மதினி.”

“நான் கூட்டியாரேன் ஆத்தா. கையக் காலக் கட்டியாவது கூட்டியாரேன்” என்றாள் செல்லத்தாய்.

சோதனைக்கென்று அந்த வாரம் மழை ஊற்றியது. மொக்கையன் ஊரான மேலக்கரைப்பட்டிக்குப் போகிற பாதையைக் கண்மாய்த் தண்ணீர் நிரம்பி மறுகால் பாய்ந்து அறுத்துவிட்டது. பஸ் மெயின் ரோட்டோடு நின்றுகொண்டது. அரிசி மூட்டை, வாழைத்தார், பாத்திரம் எல்லாவற்றோடும் சொந்தக்காரர்கள் முதல்நாள் காலையிலேயே மாட்டுவண்டியில் சுற்றுவழியாகப் போய்விட்டார்கள். நல்லகாமன் போக முடியவில்லை. பிள்ளைக்குப் போடுகிற தங்கத் தோடு மதுரையில் ஒரு ஆசாரியிடம் இருந்தது. அதை ஹரிராம் வாங்கிக்கொண்டு வியாழக்கிழமை மத்தியானம்தான் வர முடியும்.

“கவலைய விடு. நம்ம தவளை காட்டு வழியாப் போயிரும். காலையில கெளம்புனா அரைமணி நேரம்” என்றான் நல்லகாமன்.

சீர்த்தட்டு வைக்க வண்டியில் இடம் வேண்டும். ஹரிராம் வந்து சேர்ந்ததும், கரண்டு இருக்கும்போதே வேலையை முடித்துவிடலாம் என்று ஆங்கிள் இரும்பை அறுத்துப் பின் அச்சுக்கு மேலே ஒரு கேரியர் பற்றவைத்தார்கள். முழங்கால் உயரத்தில் பலகை போட்டு, ஒரு ஆளும் நாலு தட்டும் உட்காரலாம் என்கிற அளவுக்கு அருமையாக அமைந்துவிட்டது. அங்கேதான் செல்லத்தாய் ஒரு வார்த்தை சொன்னாள்.

“சீரு கொண்டு போற வண்டிய எடது கால்லயா ஒதைக்கப் போறீங்க?”

ஜாவாவுக்கு உதைக்கம்பி இடதுபக்கம். இன்ஜினுக்கு இரண்டு புறமும் கால் வைத்து நின்று இடது காலால்தான் உதைத்துக் கிளப்ப வேண்டும். மூன்று வருசமாக அப்படித்தான் கிளப்புகிறான், அது யாருக்கும் உறுத்தவில்லை. சீர் என்றதும் உறுத்திவிட்டது. புதுப்பெண் எந்தக் காலை எடுத்து வைத்து வருகிறாள், புதுவீட்டில் எந்தக் காலை முதலில் வைக்கிறோம் என்று கேட்டாள். ஏற்கெனவே ஒரு தடவை பால் ஆறிப்போன ராசி நல்லகாமனுக்கு. இந்தத் தடவை எதிலும் குறை வைக்கக்கூடாது என்று தோன்றிவிட்டது.

“இன்ஜின அப்படியே திருப்பிப் போட்டா என்ன தம்பி?” என்றான்.

ஹரிராம் குனிந்து பார்த்தான். “போடலாம்ணே. ஒதைக்கம்பி வலது பக்கம் வந்துரும். செயினும் அந்தப் பக்கம் போயிரும். அச்சுல இருக்குற பல்சக்கரத்தக் கழத்தி வலது பக்கம் மாட்டிட்டா தீர்ந்துச்சு.”

தீர்ந்துச்சு என்று இரண்டு பேருமே நம்பினார்கள். பழைய தாங்கிகளை அறுத்தெறிந்துவிட்டுப் புதுத்தாங்கி பற்றவைத்தார்கள். செயினில் ஒரு கண்ணி கூட்டினார்கள். கியர்க் கம்பியை வளைத்துக் கைக்கு எட்டுகிற மாதிரி திருப்பினார்கள். பொழுது சாய வேலை முடிந்தது. கிளப்பிப் பார்க்கலாம் என்று ஹரிராம் சொன்னபோது நல்லகாமன் தடுத்தான். முதல் உதை நல்ல நேரத்தில், சூடம் காட்டித்தான் விழ வேண்டும் என்றான். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவசரப்படாதவனுக்கும் சில நாள் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றான் நல்லகாமன். செல்லத்தாய் அரக்குப் பட்டில் இருந்தாள். தட்டுகளில் சேலை, வேட்டி, வெல்லம், தேங்காய், வெற்றிலை பாக்கு. தங்கத் தோடு அவள் முந்தானை முடிச்சில் இருந்தது. முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னால் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சூடம் காட்டினார்கள். நல்லகாமன் கருப்பசாமியை நினைத்து வலது காலைத் தூக்கி ஒரே உதை. தவளை அதுவரை ஒரே உதையில் எழுந்ததே கிடையாது. அன்று எழுந்தது.

“பார்த்தியா, வலது காலு” என்று செல்லத்தாயைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்து, கியரைப் போட்டுக் கிளட்சை விட்டான்.

வண்டி பின்னால் போனது. கியர் தவறிவிட்டதோ என்று இரண்டாவது கியரைப் போட்டான். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. போன வேகத்தில் வைக்கோல் படப்புக்குள் புகுந்து, செருமிக்கொண்டு நின்றது. எலுமிச்சம்பழங்கள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன, ஒன்றுகூட நசுங்கவில்லை.

ஹரிராம் தலையில் கையை வைத்தான்.

“அண்ணே, இன்ஜினத் திருப்பி வச்சோம்ல. அது சுத்துற சுத்தும் சேர்ந்து திரும்பிருச்சு.”

இந்தத் தப்பை ஒரு பம்புசெட்டு மெக்கானிக்தான் செய்வான். கிணற்றடியில் மோட்டார் எந்தப் பக்கம் சுற்றினால் என்ன. தோல் பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிக் குறுக்கே மாட்டினால் பம்பு சரியான பக்கம் சுற்றிவிடும். ஆயுசு முழுக்க அப்படியே செய்து பழகியவனுக்கு, சுற்றும் திசை என்பது ஒரு கவலையாகவே தோன்றியதில்லை. செயினை முறுக்கி மாட்ட முடியாது என்பது படப்புக்குள் போன பிறகுதான் உறைத்தது. சாமான் விற்கிற ஹரிராமுக்காவது தெரிந்திருக்க வேண்டாமா என்றால், அண்ணனுக்குத் தெரியாததா என்று அவன் இருந்துவிட்டான்.

“அறு, பழையபடி மாத்திரலாம்” என்று வெல்டிங் மெசினுக்கு ஓடினான் நல்லகாமன். சுவிட்சைத் தட்டினான். கரண்டு இல்லை. காத்திருக்கவும் நேரம் இல்லை. நடந்தால் சேறும் தண்ணீருமாக மத்தியானம் ஆகிவிடும். அவன் மாட்டுத்தொட்டி விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தான்.

“முடிஞ்சுச்சு. மலையாண்டி மடிதான்” என்றான். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. துடைக்கக்கூட இல்லை.

செல்லத்தாய் அவனைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கினாள். ஹரிராமிடம் வண்டியைப் படப்பிலிருந்து வெளியே தள்ளித் திருப்பி நிறுத்தச் சொன்னாள். வண்டியைச் சுற்றி நடந்து போய்ப் பின் சக்கரங்களுக்குப் பின்னால் பழங்களை வைத்தாள்.

“இனிமே இதுதான் முன்பக்கம். ஏறுங்க.”

“முதுகுக்குப் பின்னால கண்ணா இருக்கு எனக்கு?”

“எனக்குத்தான் முன்னால இருக்கே. நான் கேரியர்ல உக்காந்து வழி சொல்றேன். நீங்க திருப்புங்க.”

இருவரும் ஏறி உட்கார்ந்ததும், ஹரிராம் பையைக் குடைந்து ஒரு மோட்டார் சைக்கிள் கண்ணாடியை எடுத்தான். அதைப் பார்த்தே ஓட்டிவிடலாம் என்று நல்லகாமனுக்கு எதிரே பிடித்தான். கண்ணாடியில் தெரிந்ததெல்லாம் செல்லத்தாயின் முதுகும் அவள் தலையில் வைத்த பூவும்தான். “இதப் பார்த்து ஓட்டுனா நேரா கெணத்துக்குள்ளதான் போவேன்” என்றான் நல்லகாமன். ஹரிராம் கண்ணாடியைப் பைக்குள் போட்டுவிட்டு, ஸ்கூட்டர் சக்கரங்களுக்கு மேலே பாரத்துக்காக ஏறி உட்கார்ந்தான். ஏற்கெனவே கட்டியிருந்த சாமான் பெட்டி அவனுக்கு நாற்காலி ஆனது.

எலுமிச்சம்பழம் நசுங்க, தவளை புறப்பட்டது.

பஞ்சாயத்து முதல் வாய்க்காலிலேயே வந்தது. “சோத்தாங்கைப் பக்கம்” என்றாள் செல்லத்தாய். நல்லகாமன் தன் சோத்தாங்கைப் பக்கம் திருப்ப, வண்டி நேர் எதிராகப் போய் வாய்க்காலில் ஒரு சக்கரத்தை இறக்கியது.

“ஒங்க சோத்தாங்கை இல்ல, என் சோத்தாங்கை.”

“ஒன் கை எனக்கெப்படித் தெரியும், நான் ஒனக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

“கல்யாணம் ஆன நாள்லயிருந்து அப்படித்தான உக்காந்திருக்கீங்க.”

ஹரிராம் இறங்கித் தூக்கிவிட்டான். “சண்டைய அப்புறம் வச்சுக்கங்க. மலை எந்தப் பக்கம் இருக்கு? ரெண்டு பேருக்கும் ஒரே பக்கம்தான?” என்றான்.

அதுதான் சரியாக வந்தது. அந்தப் பக்கம் எங்கே நின்றாலும் நாகமலை ஒரு ஓரமாக நீளமாய்ப் படுத்துக் கிடக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் தண்டவாளம். “மலைப் பக்கம் கொஞ்சம். போதும், நேர விடுங்க. இப்ப ரயிலுப் பக்கம். இன்னும் ரயிலுப் பக்கம். வரப்பு வருது, மெதுவா.” செல்லத்தாய் ஏர் பிடித்து வளர்ந்த வீட்டுப் பெண். மாட்டுக்குச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னாள். நல்லகாமன் வாயை மூடிக்கொண்டு அவள் குரலுக்கே திருப்பினான். ஊரே பார்த்திருக்க வேண்டிய காட்சி அது, அவன் வாயை மூடியிருந்ததற்காகவே.

பாதை அறுந்த இடம் வந்தது. முழங்காலளவு தண்ணீர், அடியில் களிமண். அந்த மாதிரிச் சேற்றில் தவளை எப்போதும் பின்சக்கரம் புதைந்து நின்றுவிடும், இறங்கித் தள்ளித்தான் ஏற்றுவான். ஹரிராம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக இறங்கினான். ஆனால் இன்றைக்கு இழுக்கிற சக்கரம் முன்னால் போனது. அதற்கு மேலேயே செல்லத்தாயும் சீரும் பாரமாக உட்கார்ந்திருந்தார்கள். பட்டை டயர் சேற்றைக் கவ்வி, மற்ற பாதி வண்டியைப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு கரையேறிவிட்டது. தள்ளுவதற்குக் கை நீட்டிய ஹரிராம் வண்டி இல்லாமல் குப்புற விழுந்தான்.

“தம்பி, வண்டி ஏறிருச்சு” என்று நல்லகாமன் நம்பமுடியாமல் கத்தினான். மூன்று வருசமாக அவன் என்னென்னவோ மாற்றிப் பார்த்து வராத வேலை இது. அந்த நிமிசத்தில் காதுகுத்தைக்கூட மறந்து சந்தோசப்பட்டான் என்றால், அவன் சுபாவம் அப்படி.

ஒரே ஒரு கேடு. போகிற திசையில் இன்ஜின் முன்னால், அவன் பின்னால். புகை அத்தனையும் அவன் தலையைச் சுற்றிக்கொண்டுதான் போனது. அவ்வப்போது திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் முகத்தில் அப்பியது. திருநீறு இருந்த இடமே தெரியவில்லை. அவனுக்கு அது தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்த ஹரிராமுக்குத் தெரியும். அவன் முகம் முழுக்கச் சேறு, அவன் யாரைச் சொல்ல.

ஹரிராமின் கைக்கடிகாரத்தில் பத்து மணி தாண்டிவிட்டது. மேலக்கரைப்பட்டி மேளச் சத்தம் கேட்டது.

தாய்மாமன் சீர் வந்தால் ஊர் எல்லையில் மேளத்தோடு நின்று எதிர்கொண்டு அழைப்பது முறை. மொக்கையன் முறை தவறாதவன். வந்து நின்றிருந்தான். சத்தியமும் தவறாதவன். அதனால் வருகிற பாதைக்கு முதுகைக் காட்டி, ஊரைப் பார்த்து, கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தான். தலையைக்கூடத் திருப்பவில்லை.

“அண்ணன் நிக்கிறாரு. அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. பிரேக்கப் பிடிங்க” என்றாள் செல்லத்தாய்.

நல்லகாமன் பிரேக்கை மிதித்தான். கண்மாய்ச் சேறு புகுந்த பிரேக் வழுக்கியது. இன்ஜினை அணைத்தான். சரிவான பாதை, வண்டி தானாக உருண்டது.

“அண்ணே, ஒதுங்குங்கண்ணே” என்று கத்தினாள் செல்லத்தாய்.

தன்னைத் திரும்ப வைக்கத்தான் தங்கச்சி முறைக்காரி தந்திரம் பண்ணுகிறாள் என்று நினைத்தான் மொக்கையன். “நான் திரும்ப மாட்டேன்” என்று முறுக்கிக்கொண்டு நின்றான். கேரியர் பலகை அவனுடைய முழங்காலுக்குப் பின்னால் வந்து மெத்தென்று முட்டியது. மொக்கையன் மடங்கி, செல்லத்தாய்க்குப் பக்கத்தில், வெல்லத் தட்டுக்கும் சேலைத் தட்டுக்கும் நடுவில் அம்சமாக உட்கார்ந்துவிட்டான். சந்தனக் கிண்ணம் கையில் அப்படியே இருந்தது.

மேளக்காரர்கள் இதுவும் ஒரு முறைதான் போலிருக்கிறது என்று ஓங்கி அடித்தார்கள். சனங்கள் வழிவிட்டார்கள். வண்டி மச்சானையும் மாப்பிள்ளையையும் சுமந்துகொண்டு சரிவில் பந்தலைப் பார்த்து உருண்டது. முன்னே பார்த்து மொக்கையன், பின்னே பார்த்து நல்லகாமன், நடுவில் இன்ஜின்.

“தங்கச்சி” என்றான் மொக்கையன், கொஞ்ச தூரம் போன பிறகு. “இத ஓட்டுறது யாரு?”

“ஒங்க மச்சான்தான்.”

“எங்கிட்டுப் பார்த்து உக்காந்திருக்காரு?”

“அங்கிட்டுப் பார்த்துத்தான். ஒங்களுக்கு முதுகுதான் தெரியும்.”

மொக்கையன் யோசித்தான். தான் திரும்பவில்லை. மச்சானும் திரும்பவில்லை. கருப்பசாமிக்குச் சொன்ன வார்த்தை அப்படியே இருக்கிறது.

“அவருகிட்டச் சொல்லு. நேரம் இன்னும் கெடக்கு. பதறாம வரச் சொல்லு” என்றான்.

நல்லகாமன் காதில் அது நேராகவே விழுந்தது. இரண்டு வருசத்தில் மொக்கையன் அவனுக்காகச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. பதில் சொல்ல வாயெடுத்தான். அவன் வாய் அன்றைக்கு இரண்டாவது தடவையாக மூடிக்கொண்டது.

சரிவு முடிந்து பந்தலடியில் வண்டி தானாக நின்றது. பந்தலில் பாய் விரித்திருந்தது. ஆசாரி வெள்ளி ஊசியை மஞ்சளில் தோய்த்துக்கொண்டிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று பாயோரமாக உட்கார்ந்திருந்த மலையாண்டி, நல்லகாமனைக் கண்டதும் எழுந்து தன் இடத்தைத் துண்டால் தட்டிவிட்டான். அழகம்மாள் அண்ணனைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

மொக்கையன் பந்தக்காலுக்கு அந்தப் பக்கம் போய், வெளியே பார்த்து நின்றுகொண்டான். பிள்ளை அழுதால் வாயில் வைக்க வெல்லக்கட்டி அவன் கையில் இருந்தது.

ஆசாரி பிள்ளையின் வலது காதைப் பிடித்தார். ஊசி இறங்கியது. ஒச்சாயி வீறிட்டு அழுதாள். நல்லகாமன் அவளை நெஞ்சோடு அணைத்து, “இல்லடி ஆத்தா, இல்லடி ஆத்தா” என்று கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டான்.

மொக்கையன் திரும்பிவிட்டான். பிள்ளை அழுத சத்தத்துக்குத் திரும்பினான், வேறெதையும் நினைக்கவில்லை. இரண்டே எட்டில் பாய்க்கு முன்னால் வந்து குனிந்தான். எதிரே நல்லகாமனின் முகம். நெற்றியிலிருந்து நாடி வரைக்கும் கரி. கரியில் கண்ணீர் வழிந்து இரண்டு கோடு.

மேளம் நின்றது. நல்லகாமன் தலையைக் குனிந்துகொள்ளலாமா என்று பார்த்தான். மடியில் பிள்ளை இருந்தது, அசைய முடியவில்லை.

மொக்கையன் வெல்லத்தைப் பிள்ளையின் வாயில் வைத்தான். தோளில் கிடந்த புதுத்துண்டை எடுத்து நீட்டினான்.

“மூஞ்சியத் தொடைங்க மச்சான். ஒரே கரி. பிள்ளைக்கும் ஒட்டிருச்சு பாருங்க.”

“மாப்ள, சத்தியம்” என்றான் நல்லகாமன்.

“கருப்பனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க தொடைங்க.”

நல்லகாமன் துண்டை வாங்கி முதலில் பிள்ளையின் கன்னத்தைத் துடைத்தான், பிறகு தன் முகத்தை. வெள்ளைத்துண்டு கறுத்துப் போனது. மொக்கையன் அதைத் திருப்பி வாங்கி, அப்படியே தோளில் போட்டுக்கொண்டான்.

“இன்னொரு காது பாக்கி இருக்கு. நேரம் போகுது” என்றார் ஆசாரி.

மொக்கையன் சம்மணம் போட்டு மச்சானுக்கு நேர் எதிரே உட்கார்ந்தான். பிள்ளையின் இரண்டு காலையும் மெதுவாகப் பிடித்துக்கொண்டான்.

“குத்துங்க” என்றான்.